பன்னிரண்டரைக் காலரின் பின்பக்கம்

மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் கடையில் இரண்டு தையல் மெஷின்களும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் கேட்கப் போவதில்லை, படத்தில் பார்த்தேன், கன்னம் உப்பி நன்றாகவே இருக்கிறாய். அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை, விட்டுவிட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக உன்னிடமிருந்து போன் இல்லை. பரீட்சை இருக்கிறது என்று தம்பிக்கு ஒரு வரி அனுப்பியிருக்கிறாய், அது என்ன பரீட்சையோ, ஊர் சுற்றிவிட்டுத் திரும்பிய மறுநாளே முளைக்கிற பரீட்சை. நானே போன் பண்ணியிருக்கலாம். பண்ணினால் "சரிம்மா, சரிம்மா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய், நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அப்புறம் இரண்டு நாள் மெஷினில் ஊசியை ஒடித்துக்கொண்டிருப்பேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

வீட்டுச் செய்தி சொல்லாமல் கடிதம் எழுதினேன் என்று பிறகு குறை சொல்லுவாய், அதனால் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று வாரம்தான், சீருடை மலைபோல் குவிந்து கிடக்கிறது, கட்டிங் மாஸ்டருக்கு முதுகு பிடித்துக்கொண்டு அதைக் காரணமாக வைத்து எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். உன் சித்தி கண்ணாடி மாற்றியிருக்கிறாள், இப்போது தூரத்தில் இருப்பவர்களைப் பற்றியும் வம்பு பேச முடிகிறது. உன் தம்பிக்குக் குரல் உடைந்துவிட்டது, பேசினால் பாதி ஆண்பிள்ளை மாதிரியும் பாதி கதவு கீல் மாதிரியும் இருக்கிறது. போன மாதம் வாங்கின செருப்பு இந்த மாதம் பற்றவில்லை. கீழே மருந்துக்கடைக்காரர் உன்னை விசாரித்தார். பொண்ணு வெளிநாட்டுல படிக்கும்போதே இன்னொரு வெளிநாட்டைப் பார்த்துட்டு வந்துருக்கு என்று அவரிடம் நான்தான் முந்திக்கொண்டு பெருமை அடித்திருந்தேன். இப்போது அந்தக் கடை வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாலு நாள் லீவு, வகுப்பில் மூன்று பேர் சேர்ந்து போகிறோம், ஆறு மணி நேர ரயில்தான், எல்லை தாண்டினால் அந்த ஊர், பாலம் பார்க்கிறோம், ஓவியக் கூடம் பார்க்கிறோம் என்று நீ சொன்னாய். நானும் பைத்தியக்காரி மாதிரி, கால்சட்டைக்கு உள்ளே நான் வைத்துத் தைத்த பையில்தான் பாஸ்போர்ட்டை வைக்க வேண்டும், குளிரில் காதை மூடிக்கொள், மூன்று பேரும் பிரியாமல் போங்கள், புது ஊரில் யாராவது சிரித்துப் பேசினால் நம்பிவிடாதே என்று அரை மணி நேரம் சொன்னேன். நீ ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினாய். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. யாரை நம்பாதே என்று சொன்னேனோ அவரோடு உட்கார்ந்து காப்பி குடிக்கத்தான் நீ டிக்கெட் எடுத்திருந்தாய்.

ஏழு படம் அனுப்பியிருந்தாய். சித்தி, தம்பி, நான் மூன்று பேரும் கடை மேஜையில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். பாலத்தில் ஒன்று, ஒரு சிலைக்குப் பக்கத்தில் ஒன்று, அந்த இரண்டு பெண்களோடு ரயில் நிலையத்தில் ஒன்று. நாலாவது படம் ஏதோ சின்ன காப்பிக்கடை. வட்ட மேஜை, இரண்டு கோப்பை, நீ ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரிக்கிறாய், சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. சித்தி "அடடா, கடை எவ்வளவு அழகா இருக்கு பாரேன்" என்றாள். நான் கடையைப் பார்க்கவில்லை. படத்தின் வலது ஓரத்தில் மேஜை மேல் ஒரு கை இருந்தது, முழங்கை வரைக்கும்தான் தெரிந்தது, பழுப்புக் கோட்டு, மணிக்கட்டுக்கு மேலே மூன்று பொத்தான். தம்பியிடம் பெரிதாக்கச் சொன்னேன். எதுக்கும்மா என்றான். பெருசாக்குடா என்றேன். பெரிதாக்கினான்.

நாலு ஓட்டைப் பொத்தானை ஊர் உலகத்தில் எல்லோரும் பெருக்கல் குறி மாதிரி தைப்பார்கள், இல்லாவிட்டால் இரண்டு கோடாகத் தைப்பார்கள். நான் ஒரு ஓட்டையிலிருந்து மற்ற மூன்றுக்கும் நூலை விரித்துக் காக்கைக் கால் மாதிரி தைப்பேன், சுலபத்தில் அறாது. அதுவும் எனக்குப் பீச்சாங்கை என்பதால் என் காக்கை இடது பக்கம் பார்த்து நிற்கும். பீச்சாங்கை அக்கா கடை என்றுதான் தெருவில் அடையாளம் சொல்லுகிறார்கள், அது உனக்குத் தெரியாததா. உன் சட்டைகளில் எத்தனை காக்கை உட்கார்ந்திருந்தது. அந்தக் கோட்டை நான் தைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. உங்கள் அப்பா கிளம்புவதற்கு முந்தின வாரம் சாப்பாட்டு மேஜையில் துணியை விரித்து வெட்டினேன், அங்கே குளிரும் என்று உள்ளே இரட்டை லைனிங் கொடுத்தேன், நீ மேஜைக்கு அடியில் உட்கார்ந்து துண்டுத் துணி பொறுக்கிக்கொண்டிருந்தாய். இரண்டு வருஷத்தில் திரும்பி வருகிறேன் என்று அதைப் போட்டுக்கொண்டு போன மனிதரின் கை, என் மகளுடைய காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீயும் படத்தின் ஓரத்தை வெட்டித்தான் அனுப்பியிருக்கிறாய், என் மகள்தானே, வெட்டத் தெரியாமலா போகும், ஆனால் ஒரு இஞ்ச் தையலுக்கு விட்டு வெட்டிவிட்டாய்.

இன்னொன்றும் பார்த்தேன், சொல்லாமல் இருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். மூன்று பொத்தானில் இரண்டுதான் என்னுடையது. மூன்றாவது வேறு யாரோ தைத்தது. பழுப்புப் பொத்தானுக்குக் கறுப்பு நூல். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் நூல் சுற்றிக் கழுத்து விடாமல் அப்படியே இறுக்கி அமுக்கியிருக்கிறாள், துணி சுருங்கிப்போய் நிற்கிறது. ஒரு குடும்பத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகத் தெரிந்தவளுக்கு ஒரு பொத்தான் தைக்கத் தெரியவில்லை. உனக்கு அவள் என்ன சமைத்துப் போட்டாள், என்ன சிரித்துப் பேசினாள் என்று எனக்குத் தெரிய வேண்டாம். நல்லவளாகவே இருக்கட்டும். நல்லவளாக இருந்தால் எனக்கு இன்னும்தான் வயிறு எரியும்.

யார் அந்த விலாசத்தை உனக்குக் கொடுத்தது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். முதலில் சித்தியைப் பிடித்துக் கேட்டேன், அவள் தலையில் அடித்து சத்தியம் பண்ணினாள், பாவம், அவளுக்குத் தெரிந்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். மூன்றாவது நாள் கட்டிங் மாஸ்டர் இந்த வருஷத்துச் சீருடைச் சட்டை வெட்டப் போய், பன்னிரண்டரைக் காலர் எங்கே, பன்னிரண்டரைக் காலர் எங்கே என்று கத்த ஆரம்பித்தார். ஆணியில், துணி மேல் வைத்து வெட்டுகிற பேட்டர்ன் அட்டைக் கட்டு தொங்குகிறது, பதினொன்று இருக்கிறது, பன்னிரண்டு இருக்கிறது, பதிமூன்று இருக்கிறது, பன்னிரண்டரை மட்டும் இல்லை. மாஸ்டர் உன் தம்பியைத் திட்டினார், தம்பி எலியைத் திட்டினான். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். போன லீவுக்கு நீ வந்திருந்தபோது ஒரு முழு நாள் கடையில் உட்கார்ந்து, "அம்மா, நான் இந்தப் பேட்டர்னை எல்லாம் அளவு வாரியா அடுக்கித் தரேன்" என்றாய். வெளிநாட்டில் படிக்கிற பெண், கடையை மறக்கவில்லை பார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் தலை வலிக்கிறது என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். நான் தைலம் தேய்த்துவிட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

அந்தக் காலரின் பின்பக்கம் என்ன இருந்தது என்று உனக்கு இப்போது தெரியும், எனக்கு எப்போதும் தெரியும். உங்கள் அப்பா வேலை பார்த்தது அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில். கடிதம் எழுதத் தனியாகத் தாள் வாங்குகிற மனிதர் இல்லை, அங்கே கிடைக்கிற கெட்டியான பழுப்புத் தாளில் பெரிது பெரிதாக எழுதி மடித்து அனுப்புவார். மூன்றாவது வருஷம், இனிமேல் அங்கே வர மாட்டேன், இங்கே கூட வேலை செய்கிற ஒருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டேன் என்று எனக்கு எழுதினார். அதை அன்றைக்கே அடுப்பில் போட்டேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அதற்குப் பிறகு கடிதம் எழுத மாட்டார் என்று நினைத்தேன். உங்கள் அப்பா நம்மைக் கை கழுவிட்டார், எங்க இருக்கார்னே தெரியாது என்று உங்களிடம் சொல்லிவிட்டேன். நீ எட்டு மாதம் மாடிப்படியில் உட்கார்ந்து தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அது உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. கணக்கில் பூஜ்யம் வாங்கினாய், நகத்தைக் கடித்துக் கடித்து விரலில் ரத்தம் வரும், தட்டில் போட்டது அப்படியே இருக்கும். பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து படிக்கட்டில் உட்காராமல் நேராக உள்ளே வந்து, அம்மா பசிக்குது என்றாய். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாய். நான் அடுப்படியில் திரும்பி நின்று அழுதேன். அதற்கு அடுத்த வாரம் உன் பெயருக்கு முதல் கடிதம் வந்தது.

கொடுத்திருக்க வேண்டும் என்பாய். அவரும் அந்த மேஜையில் அதைத்தான் சொல்லியிருப்பார், நான் எழுதினேனே, உனக்குக் கிடைக்கவே இல்லையா என்று கண்ணைத் துடைத்திருப்பார், அவருக்குக் கண்ணீர் சுலபம். கொடுத்தால் நீ மறுபடியும் படிக்கட்டில் போய் உட்காருவாய் என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் போடலாம் என்று போனேன், தாள் கெட்டியாக இருந்தது, நல்ல தாள், அப்படி ஒரு தாள் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது, என்னால் போட முடியவில்லை. தையல்காரி புத்தி. வெட்டினேன். எழுத்துப் பக்கத்தில் பழைய லைனிங் துணியைப் பசை போட்டு ஒட்டினேன், பேட்டர்னும் கெட்டிப்பட்டது, எழுத்தும் மறைந்தது. அடுத்தடுத்து வந்ததையும் அப்படியே செய்தேன். மொத்தம் பதினொரு கடிதம், நாலு வருஷம், பிறகு நின்றுவிட்டது. சின்னப் பசங்கள் சட்டைக்கு நம் கடையில் இருக்கிற காலர், கஃப், பாக்கெட், ஷோல்டர் எல்லாம் அதில் வெட்டியதுதான். பன்னிரண்டரைதான் சீருடை நேரத்தில் அதிகம் ஓடுகிற அளவு, தேய்ந்து தேய்ந்து அதன் லைனிங் மூலையில் கிளம்பியிருந்தது, நானும் ஒட்ட வேண்டும் ஒட்ட வேண்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். கடிதத்தின் மேல் பாகத்தில் விலாசம் எழுதுகிற வழக்கம் அவருக்கு, சரியாக அந்த இடம்தான் காலருக்குப் போயிருக்கிறது. தீயில் போட்டிருந்தால் உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. சிக்கனம் பார்த்து மாட்டிக்கொண்டேன்.

ஆக நான் பொய் சொன்னேன். நீயும் சொன்னாய். என்னுடையது பெரியது, உன்னுடையது சின்னது என்று நீ தராசைத் தூக்கிக்கொண்டு வராதே. நீ செய்ததில் எனக்கு ஆறாதது எது என்றால், நீ போனது கூட இல்லை. அந்த ஊர்ப் பெயரைப் போனில் சொன்னாயே, சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய், நான் லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். லைன் போகவில்லை. நான் ஏதாவது சொல்கிறேனா என்று நீ காத்துக்கொண்டிருந்தாய். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் கை மெஷின் மேலேயே நின்றுவிட்டது. போகாதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பாய், எங்கே இருக்கிறார் என்றே தெரியாது என்று எட்டு வருஷமாகச் சொன்னவள் என்ன காரணம் சொல்லுவேன். காதை மூடிக்கொள், குளிரும் என்றேன். பெற்றவளுக்கே பரீட்சை வைத்திருக்கிறாய். நான் அதில் தேறவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அம்மா எனக்குத் தெரியும் என்று நீ சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். பரீட்சை வைப்பதற்கு அவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்க வைத்தேனா.

ஒரு மத்தியானம் காப்பி வாங்கிக் கொடுக்கிறவர் யாருக்கும் இனிப்பாகத்தான் தெரிவார். காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து கொடுத்தவள்தான் கசப்பாகத் தெரிவாள். இதை நான் அவர் மேல் உள்ள கோபத்தில் சொல்லுகிறேன் என்று நினைத்துக்கொள், கோபத்தில்தான் சொல்லுகிறேன். நீ அவரைப் பார்க்கக் கூடாது என்று சொல்ல எனக்கு இனி வாய் இல்லை, பார்த்துக்கொள். ஆனால் தம்பியிடம் நீ சொல்லாதே. படத்தைப் பெரிதாக்கினபோது அவன் "யாரும்மா அந்தக் கை" என்று கேட்டான். காப்பி கொண்டுவந்து வைக்கிற ஆளுடா என்றேன். கோட்டு போட்டுக்கிட்டா கொண்டு வருவாங்க என்றான். அவன் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பதினோரு வயது வரை போட்ட சட்டை ஒவ்வொன்றும் அந்தக் கடிதங்களை வைத்து வெட்டியது, அவனுக்கு அது தெரியாது. அவனுக்கு நான்தான் சொல்லுவேன், நீ வந்த பிறகு, உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எனக்குத் தனியாகச் சொல்லத் தைரியம் இல்லை. இதை எழுதுவதற்கே எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

இந்த லீவுக்கு வர மாட்டேன், அங்கேயே ஒரு வேலை பார்க்கப் போகிறேன் என்று தம்பியிடம் சொன்னாயாமே. அவன் அதைச் சொன்னதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போயிற்று. அவரும் அப்படித்தான் ஆரம்பித்தார், இந்த வருஷம் லீவு இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனவர் வராததை நான் தாங்கிக்கொண்டேன். உன் கால்சட்டைக்குள் பை வைத்துத் தைத்து அனுப்பியதும் அதே கைதான். கோபித்துக்கொண்டு வா, பேசாமல் வா, வந்து ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டிரு, நான் ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் வா.

உடம்பைப் பார்த்துக்கொள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, படிப்பில் குறை வைக்காதே, எந்தப் பரீட்சை நிஜமோ அதை நன்றாக எழுது. நீ நன்றாக இருக்க வேண்டும், நான் திட்டினாலும் என் வாயிலிருந்து உனக்கு வருவது நல்ல வாக்குதான். அவரை மறுபடியும் பார்த்தால் அந்த மூன்றாவது பொத்தானைப் பிரித்துப் பழுப்பு நூலில் தைத்துக் கொடுத்துவிடு, உனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அவருக்காக இல்லை. என் வேலைக்குப் பக்கத்தில் அது இருக்கக் கூடாது.

இந்த உறையில் இருபத்திரண்டு துண்டு வைத்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் புது அட்டையில் வரைந்து மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, இஸ்திரிப்பெட்டி ஆவியில் லைனிங்கை உரித்தேன். பேனா எழுத்து, அழியவில்லை. மூலையில் பென்சிலில் எண் போட்டிருக்கிறேன், அந்த வரிசையில் சேர்த்து வைத்துப் படி. பன்னிரண்டரைக் காலர் இரண்டாவது கடிதத்துக்குத் தலைப்பாகம், உன்னிடம் இருப்பதை அங்கே வைத்துக்கொள். அங்கங்கே வரி பாதியில் நிற்கும். கழுத்து வளைவில் போனது, அக்குள் வளைவில் போனது, காலர் முனைக்காகச் சீவினது எல்லாம் அன்றைக்கே குப்பையோடு போய்விட்டது. வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. அந்த வரிகள் எனக்கு மனப்பாடம். அவருக்கே இப்போது ஞாபகம் இருக்காது, கேட்டுப் பார். வேண்டுமென்றால் வந்து என்னிடம் கேள், சொல்லுகிறேன். போனில் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்து மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும்
அம்மா